லட்சுமணராவ் கிர்லோஸ்கரும் எங்கள் தோட்டத்துக் கிணறும்

தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் என் அறைக்கு வந்து கேட்டபோது, எளிதில் தப்பிவிடலாம் என்றே நினைத்தேன். கவிதை எழுத எனக்கு வராது என்றேன். கவிதை வேண்டவே வேண்டாம், சென்ற மலரில் நிலவைப் பற்றி மட்டும் ஏழு கவிதைகள் வந்துவிட்டன, விஞ்ஞானமாக ஏதேனும் எழுது என்றார். வேறு வழியின்றி, மையவிலக்கு விசையைப் பற்றிக் கலைப் பிரிவு நண்பர்களுக்கும் விளங்கும்படி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

இரண்டு மாலைப் பொழுதுகள் எழுதினேன், எழுதியதைக் கிழித்தேன். பாடநூலைத் தமிழில் பெயர்த்ததுபோல் இருந்தது. மூன்றாம் நாள் மாலை, விடுதியின் பின்புறம் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடத் தொடங்கிற்று. அந்த ஓசையைக் கேட்டதும் பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. எங்கள் கிணற்றுப் பம்பின் வயிற்றில் இரும்பில் வார்த்த எழுத்துக்களாகக் கிர்லோஸ்கர் என்ற பெயர் இருக்கும். ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க நான் பழகியதே அந்த இரும்பில்தான். அது அந்த எந்திரத்தின் பெயர் என்றே பள்ளிப் பருவம் முடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். மண்வெட்டி, கடப்பாரை என்பதுபோல் கிர்லோஸ்கரும் ஒரு பொருள். அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் புனேக்கு வந்த பிறகே அறிந்தேன். எழுத வேண்டியது அந்த மனிதரைப் பற்றி என்று அப்போது தோன்றிற்று. விசையைப் பற்றியும் சொல்லாமல் விடப் போவதில்லை. செயலாளருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே.

முதலில் விசையை ஒருவாறு முடித்துவிடுகிறேன். காத்ரஜ் மலைப்பாதையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதவர் நம்மில் யாரும் இரார். வண்டி இடப்பக்கம் திரும்பினால் நாம் வலப்பக்கம் சாய்கிறோம். யாரோ நம்மைப் பிடித்து வெளியே தள்ளுவதுபோல் இருக்கிறது. தள்ளுபவர் யார்? ஒருவருமில்லை. சாலையோரத்தில் நிற்கும் ஒருவர் பார்த்தால் உண்மை தெரியும். நம் உடல் நேரே போகவே விரும்புகிறது. பஸ்தான் நமக்குக் கீழே வளைந்து செல்கிறது. கைப்பிடியைப் பற்றிய கை நம்மையும் வளைவுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்நோக்கி இழுக்கும் கை மட்டுமே தெரிகிறது. உள்ளே இருப்பவருக்கு வெளியே தள்ளும் விசை தெரிகிறது. இந்த இரண்டாவதற்கே மையவிலக்கு விசை என்று பெயர். பொய்யான விசை என்று சில ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. பஸ்ஸில் கால் இடறிப் பக்கத்து அம்மையார்மேல் விழுந்தவன் அதைப் பொய் என்று சொல்லிப் பார்க்கட்டும்!

அதன் அளவையும் சொல்லிவிடலாம். வேகத்தை வேகத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால், 60 கிலோ எடையுள்ள மாணவன் ஏறக்குறைய 24 கிலோ பாரம் தன்னை வெளியே தள்ளுவதாக உணர்வான். அதே வளைவில் வேகத்தைப் பாதியாக்கினால் பாரம் பாதியாவதில்லை; கால் பங்காகி 6 கிலோவாகிறது. மலைப்பாதையில் ஓட்டுநர் சற்றே வேகத்தைக் குறைத்தாலும் நாம் பெரிதும் நிம்மதி அடைவது இதனால்தான்.

மோர் நிறைந்த தூக்குப்போசியைக் கையில் பிடித்து, தலைக்குமேல் சக்கரமாகச் சுற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் இறக்குவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வீர விளையாட்டு. கையும் போசியும் சேர்ந்து ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றை இரண்டு விநாடிக்குள் முடிக்க வேண்டும். அதைவிட மெதுவாகச் சுற்றினால் மோர் தலையில்தான் விழும். இந்தக் கணக்கைப் பிற்காலத்தில் போட்டுப் பார்த்தேன். செய்முறைச் சோதனையை ஏழு வயதிலேயே முடித்து, அம்மாவிடம் பரிசும் பெற்றிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சோளக்காட்டில் கிளி விரட்டக் கவண் சுற்றுகிறோம். கயிற்றை விட்டதும் கல் எத்திசையில் போகிறது? மையத்திலிருந்து நேர் வெளியே போகிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அப்படிப் போவதில்லை. விட்ட கணத்தில் எப்பக்கம் நோக்கி ஓடிக்கொண்டிருந்ததோ அப்பக்கமே, வட்டத்தை உரசினாற்போல், நேர்கோட்டில் பாய்கிறது. புனேயின் ஆடி மழையில் குடையைச் சுழற்றுங்கள். விளிம்பிலிருந்து தெறிக்கும் துளிகளும் அப்படியே பாய்வதைக் காணலாம். விசைக்குப் பெயர் சூட்டி, 1659ஆம் ஆண்டிலேயே அதன் அளவைக் கண்டவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். 1673இல் வந்த தம் கடிகார நூலின் இறுதியில் முடிவுகளை மட்டும் நிரூபணம் இன்றி வெளியிட்டார். முழு நூல் அச்சேறியது 1703இல். அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பிறகு.

நிற்க. இனி லட்சுமணராவ்.

லட்சுமணராவ் காசிநாத் கிர்லோஸ்கர் 1869ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பெல்காம் பகுதியிலுள்ள குர்லஹோசூரில் பிறந்தார். மராத்தி இசை நாடகத்தின் தந்தை எனப்படும் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரும் அதே ஊரில் பிறந்தவரே. 1880இல் இதே புனேயில் சாகுந்தலத்தை மராத்தியில் மேடையேற்றிப் பெயர் பெற்றவர் அவர். ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் பாட்டையும் மற்றவர் பட்டறையையும் கொண்டு வந்து இந்நாட்டுக்குத் தந்தார்கள்.

லட்சுமணராவின் தந்தையார் வேதாந்தத்தில் தோய்ந்தவர். மகனுக்கோ ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லை. கையால் எதையேனும் செய்ய வேண்டும். இல்லையேல் வரைய வேண்டும். 1885இல், பதினாறு வயதில், பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் கற்கச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய மீறல் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுகள் கற்றார். கோடு அவருக்கு வசப்பட்டது, வண்ணம் வசப்படவில்லை. அவருக்குச் சில நிறங்களைப் பிரித்தறியும் திறன் குறைவு என்பது தெரிய வந்தது. ஓவியனாக வேண்டும் என்று வீட்டைப் பகைத்துக்கொண்டு வந்த இளைஞனுக்கு நிறம் தெரியாது!

இந்த இடத்தைப் பல்கலைக்கழக நூலகத்தில் முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றேன். காரணத்தை இதுவரை நண்பர்கள் எவரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். புனேக்கு வருவதற்கு முந்திய ஆண்டு ஒரு வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, மருத்துவச் சோதனைக்குப் போயிருந்தேன். மருத்துவர் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை என் முன்னே விரித்து, அதில் தெரியும் எண் என்ன என்று கேட்டார். எனக்குப் புள்ளிகள் தெரிந்தன, எண் தெரியவில்லை. அடுத்த பக்கத்திலும் தெரியவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை, புத்தகத்தை மூடினார், அவ்வளவுதான். தேர்வில் தவறிவிட்டதாக வீட்டில் சொன்னேன். மூன்று ஏக்கரில் பாடுபட்டுப் படிக்க வைத்த தந்தையாரிடம், உங்கள் மகனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது என்று எப்படிச் சொல்வது? எண்ணிப் பார்க்கும்போது பல பழைய ஏச்சுக்களுக்கும் பொருள் விளங்கிற்று. மிளகாய்க் காட்டில் பழம் பறிக்கச் சொன்னால் நான் காயையும் சேர்த்துப் பறிப்பேன். சோம்பேறி என்று அம்மா வைவார்.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. நான் பத்தாம் வகுப்பு படிக்கையில், சுற்றுக்கட்டி வந்த மோட்டாரை இறக்கி, ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று கம்பிகளையும் பழையபடி மாட்டும் வேலையைத் தந்தையார் என்னிடம் விட்டார். எங்கள் பெட்டியில் எவரோ கையில் கிடைத்த கம்பியைப் போட்டிருந்தார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். மாட்டினேன். மோட்டார் ஓடிற்று. தண்ணீரும் வந்தது. ஆனால் வழக்கமாகக் குழாய் நிறைய வந்து வாய்க்காலில் விழும் தண்ணீர் அன்று நோயாளி வாய் கொப்பளிப்பதுபோல் விழுந்தது. பம்பைப் பிரித்தார்கள், அடிவால்வைப் பார்த்தார்கள், இரண்டு நாள் தென்னைக்கு நீர் இல்லை. மூன்றாம் நாள் ஊர் மின்பணியாளர் வந்து, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று கண்டு, இரண்டு கம்பிகளை இடம் மாற்றினார். கவனக் குறைவு என்று எனக்குக் கிடைத்த அடியை நான் தகுதியானது என்றே ஏற்றுக்கொண்டேன். நான் கவனமாகத்தான் மாட்டினேன் என்பது எனக்கே தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின.

ஆங்கில நாட்டு ஜான் டால்டன், அணுக் கொள்கையை வகுத்த அந்தப் பெரியவர், தமக்கு நிறங்கள் மாறித் தெரிவதை 1794இலேயே கட்டுரையாக எழுதிப் படித்தார். தம் கண்களை இறந்தபின் சோதிக்குமாறும் சொல்லிவிட்டுப் போனார். 1995இல் அவற்றின் மரபணுவை ஆராய்ந்து காரணத்தை உறுதி செய்தார்கள். எனக்கு அவ்வளவு துணிவு இல்லை. லட்சுமணராவ் இதை எவ்வாறு எடுத்துக்கொண்டார் என்று அறியவே மேற்கொண்டு படித்தேன்.

அவர் ஊர் திரும்பிவிடவில்லை. வண்ணம் இல்லாவிட்டால் என்ன, கோடு இருக்கிறதே என்று எந்திர வரைபடம் கற்றார். பம்பாயில் அப்போது புதிதாகத் தோன்றியிருந்த விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் எந்திர வரைபடம் கற்பிக்கும் உதவி ஆசிரியரானார். வகுப்பு முடிந்ததும் பட்டறைக்குப் போய்விடுவார். எந்திரத்தைத் தொட்டுப் பார்த்து, பிரித்துப் பார்த்து, நூல்களில் படித்ததைக் கையால் சரிபார்த்துக் கற்றார். பொறியியல் பட்டம் எதுவும் அவர் பெறவில்லை. பட்டத்துக்காக இங்கே ஆறாண்டு அலையும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

பம்பாயில் சைக்கிள் என்னும் புதுமை ஓடத் தொடங்கிய காலம் அது. லட்சுமணராவ் பம்பாயில் சைக்கிள்களை வாங்கிப் பெல்காமில் இருந்த தமையனார் ராமண்ணாவுக்கு அனுப்புவார். தமையனார் அவற்றை விற்பார். வாங்கியவர்களுக்கு ஏறிச் செல்லவும் கற்றுக் கொடுப்பார். 1888இல் இவ்வாறு தோன்றியதே கிர்லோஸ்கர் சகோதரர்கள் என்னும் அந்தக் கடை. சைக்கிள் கற்றுக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது கற்றுக் கொடுத்தவர்க்குத் தெரியும். நேரே போகும்வரை தொல்லையில்லை, திருப்பத்தில்தான் தொல்லை. புதிதாகக் கற்பவன் திரும்பும்போது உடலை நிமிர்த்திக்கொள்கிறான். மையவிலக்கு விசை அவனை வெளிப்பக்கம் கவிழ்த்து விடுகிறது. பழகியவன் திருப்பத்தின் உட்பக்கம் சாய்ந்துகொள்கிறான். கீழே இழுக்கும் தன் எடையும் வெளியே தள்ளும் விசையும் சேர்ந்து, சக்கரம் தரையைத் தொடும் இடத்தின் வழியே போகும்படி அவன் உடம்பு தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. எந்தப் பேராசிரியரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அந்தக் கழகத்தில் பதவி உயர்வுக்குரிய முறை வந்தபோது, லட்சுமணராவை விட்டு ஓர் ஆங்கிலோ இந்தியருக்கு அது தரப்பட்டது. வேலையை உதறிவிட்டுப் பெல்காமுக்கு வந்துவிட்டார். சிறு பட்டறை ஒன்று வைத்து மாட்டுத் தீவனம் வெட்டும் எந்திரத்தைச் செய்தார். பின்னர் இரும்புக் கலப்பை செய்தார்.

கலப்பையின் கதை எல்லோரும் அறிய வேண்டியது. இன்று இரும்பு ஏரைப் புதுமை என்று யார் சொல்வார்? அன்று உழவர்கள் அதைக் கண்டு அஞ்சினார்கள். இரும்பு பட்டால் மண் நஞ்சாகிவிடும் என்று நம்பினார்கள். முதல் கலப்பை விற்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின என்பர். உழவர்களை அறியாமை மிக்கவர்கள் என்று எள்ளுவது எளிது. நான் உழவன் மகன். அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு போகம் தவறினால் பட்டினி கிடப்பவன் புதுப்பொருளைச் சோதித்துப் பார்க்கத் தன் ஒரே நிலத்தைக் கொடுப்பானா? லட்சுமணராவும் அவர்களை எள்ளவில்லை, காத்திருந்தார். அடுத்தவன் வயலில் பலன் கண்ட பிறகே இவன் வாங்குவான் என்பதை அறிந்து காத்திருந்தார் என்பதே எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம்.

தொழில் காலூன்றும் வேளையில் பெல்காம் நகராட்சி, ஊரை விரிவாக்க அந்த இடம் வேண்டும் என்று பட்டறையைக் காலி செய்யச் சொல்லிற்று. எந்திரங்களும் ஆட்களும் இருக்கிறார்கள், நிற்க இடமில்லை. அப்போது கைகொடுத்தவர் ஔந்து சமஸ்தானத்தின் அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. அரசரும் ஓர் ஓவியர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. குண்டல் ரோடு ரயில் நிலையத்தின் அருகே 32 ஏக்கர் நிலமும் பத்தாயிரம் ரூபாய்க் கடனும் கொடுத்தார். நிலம் என்றால் நம் நன்செய் அன்று. சப்பாத்திக் கள்ளியும் நல்ல பாம்பும் குடியிருந்த கரம்பு. 1910இல் லட்சுமணராவ் தொழிலாளர் குடும்பங்களுடன் அங்கே குடியேறிக் கள்ளியை வெட்டி, பட்டறையும் வீடுகளும் எழுப்பினார். அந்த ஊரே கிர்லோஸ்கர்வாடி. பிற்காலத்தில் ரயில் நிலையமும் அப்பெயரைப் பெற்றது. இப்போது அது சாங்லி மாவட்டத்தில் இருக்கிறது. புனேயிலிருந்து மிரஜ் வழியாகத் தெற்கே போகும் நண்பர்கள் சன்னலோரம் அமர்ந்தால் பெயர்ப் பலகையைக் காணலாம். சென்ற கோடையில் நான் கண்டேன். ரயில் ஒரு நிமிடம் நின்றிருக்கும், இறங்கிவிட்டு ஏறினேன்.

தம் ஊரில் தீண்டாமைக்கு இடமில்லை என்று வைத்திருந்தார். குற்றத்துக்காகத் தண்டனை பெற்று வெளியே வந்தவர்களை அழைத்து ஊர்க் காவல் வேலை கொடுத்தார். துக்காராம் ராமோசி, பிரியா மாங் என்ற இருவரின் பெயர்களை அந்த ஊர் வரலாறு இன்றும் சொல்கிறது. கணக்கனும் கொல்லனும் தச்சனும் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்தார்கள். 1920 முதல் ஒரு மராத்தி இதழும் அந்தக் கரம்பிலிருந்து வெளிவந்தது. ஏர் செய்யும் இடத்தில் இலக்கிய இதழா என்று வியக்கலாம். அக்காலத்து மராத்தி எழுத்தாளர்கள் பலரை வளர்த்த இதழ் அது. கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் எந்திரம், இரும்புத் தட்டுமுட்டுகள் என்று பட்டறையின் வேலைகள் பெருகின.

1926இல் கிர்லோஸ்கர்வாடியில் மையவிலக்குப் பம்பு உருவாயிற்று. நம் நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் பம்பு என்று அதைச் சொல்கிறார்கள். மகன் சந்தனுராவ் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரப் பொறியியல் முடித்ததும் அதே ஆண்டில்தான்.

அதுவரை கிணற்று நீர் எப்படி மேலே வந்தது? மராட்டியத்தில் மோட், நம் கொங்கு நாட்டில் கவலை, பிற பகுதிகளில் கமலை, ஏற்றம். தோல் பறியைக் கிணற்றில் இறக்கி, இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி இழுக்க, பறி மேலே வந்து கவிழும். எருதுகள் பின்னடி வைத்து மேலேற, பறி மறுபடி இறங்கும். நாள் முழுவதும் இதுவே. என் பாட்டனார் கவலை இறைத்தவர். அவர் தோளில் கயிற்றுத் தழும்பு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பம்பு செய்வது என்ன? எங்கள் வீட்டுப் பம்பையே எடுத்துக்கொள்வோம். நத்தைக் கூடு போன்ற இரும்பு உறைக்குள் வளைந்த இதழ்கள் கொண்ட ஒரு சக்கரம். விட்டம் 15 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,880 சுற்று. அதன் விளிம்பில் இருக்கும் தண்ணீர்த் துளி, தன் எடையைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு விசையால் வெளியே தள்ளப்படுகிறது. காத்ரஜ் வளைவில் நம்மைத் தள்ளியது நம் எடையில் பாதியும் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பின் வேகம் விநாடிக்கு 22 மீட்டருக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் ஒரு கல்லை மேலே எறிந்தால் 26 மீட்டர், அதாவது 85 அடி போகும். கவண் கல்லை எறிகிறது. பம்பு தண்ணீரை எறிகிறது. நத்தைக் கூடு அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றிக் குழாயில் ஏற்றுகிறது.

நீர் வெளியே எறியப்பட்டதும் சக்கரத்தின் நடுவில் அழுத்தம் குறைகிறது. பம்பு உறிஞ்சுகிறது என்கிறோம்; உண்மையில் கிணற்று நீரின் மேல் அமர்ந்திருக்கும் காற்று மண்டலமே நீரை அந்த வெற்றிடத்துக்குத் தள்ளிவிடுகிறது. காற்றின் பலம் 10 மீட்டர்த் தண்ணீருக்குமேல் தாங்காது. நடைமுறையில் 6, 7 மீட்டருக்குமேல் நம்ப முடியாது. எனவேதான் எங்கள் பக்கத்து ஆழ்கிணறுகளில் மோட்டாரை மேட்டில் வைக்காமல், கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் மேடை கட்டி வைப்பார்கள். பம்புக்குள் காற்று இருந்தால் அது ஓடினாலும் நீர் வராது. காற்று தண்ணீரைவிட 800 மடங்கு இலேசு, அதை எறிந்து என்ன பயன்? அதனால் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அடிவால்வு கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவார் என் தந்தையார். எந்தப் பொறியியல் நூலிலும் இதை நான் பார்க்கவில்லை. ஆயினும் அடைப்பு நன்றாக நிற்கிறது.

என் பழைய குற்றத்துக்கும் விடை இதில் இருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் மாற்றி மாட்டியதால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. வேகத்தை வேகத்தால் பெருக்குகிறோம் அல்லவா? வலமாகச் சுற்றினாலும் இடமாகச் சுற்றினாலும் பெருக்குத்தொகை ஒன்றே. மையவிலக்கு விசைக்குத் திசை வேறுபாடு இல்லை. ஆகவே தண்ணீர் வந்தது. வேறுபாடு இதழ்களின் வளைவுக்கு உண்டு. நத்தைக் கூட்டுக்கும் உண்டு. அவை ஒரு திசைக்காகவே வளைக்கப்பட்டவை. ஆகவே தண்ணீர் குறைந்தது. பிரெஞ்சு நாட்டு டெனிஸ் பாப்பின் 1689இல் அமைத்த பம்பின் இதழ்கள் நேரானவை. 1851இல் லண்டன் பொருட்காட்சியில் ஆப்போல்டு என்பவர் வளைந்த இதழ்களைக் காட்டியபோது, நேரான இதழைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பயன் கிடைத்ததாம். எங்கள் தென்னை இரண்டு நாள் வாடியதும் அந்த வளைவினாலேயே!

லட்சுமணராவ் முதுமையில் தொழிலை மகனிடமும் மற்றவர்களிடமும் விட்டார். 1941இல் ஹரிஹரிலும், 1946இல் பெங்களூரிலும், அதே ஆண்டில் புனேயின் கட்கியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. கட்கியில் எண்ணெய் எஞ்சின் செய்தார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில் பம்பைச் சுழற்றியது அந்த எஞ்சின்தான். அவர் 1956 செப்டம்பர் 26இல் மறைந்தார். 1969இல் நூற்றாண்டு வந்தபோது அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டது.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவை தானே பம்பு நகரமாயிற்று. கிர்லோஸ்கர் நிறுவனமும் பின்னாளில் கோவை கணியூரில் பெண்களே வேலை செய்யும் பம்புத் தொழிற்சாலை ஒன்றை நிறுவிற்று. ஆனால் மற்றொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. எருது களைத்தால் கவலை நிற்கும், பம்பு களைப்பதில்லை. பாட்டனார் காலத்தில் முப்பது அடியில் இருந்த எங்கள் கிணற்று நீர் இப்போது கோடையில் அடியில் பாசியாகக் கிடக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் ஆயிரம் அடி ஆழ்துளை போட்டு, சக்கரத்தின்மேல் சக்கரமாக அடுக்கிய நீர்மூழ்கிப் பம்புகளை இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் அதே மையவிலக்கு விசைதான். எறியும் எந்திரம் உண்டு. எறிவதற்குத் தண்ணீர் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. இதற்கு லட்சுமணராவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பாட்டனார் தோளிலிருந்து கயிற்றை இறக்கினார்; எவ்வளவு இறைப்பது என்பதை முடிவு செய்தவர்கள் நாம்.

சென்ற கோடை விடுமுறையில், ஒரு மாலை பம்புமேட்டில் உட்கார்ந்திருந்தபோது, தந்தையாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மருத்துவச் சோதனையையும், புள்ளிப் புத்தகத்தையும், மிளகாயையும், அந்தக் கம்பிகளையும். அந்தப் பம்பின் வயிற்றில் இருக்கும் பெயர்க்காரருக்கும் இதே குறை என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் தம்பிக்கும் காயும் பழமும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

நான் புனேக்குப் புறப்படும் நாள் காலை மோட்டாரைப் போட ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். மூன்று கம்பிகளிலும் சணல் கயிறு கட்டியிருந்தது. ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு முடிச்சு, ஒன்றில் மூன்று.